விவாகரத்தும் குழந்தைப் பொறுப்புரிமையும்: தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில்

திருமண உறவைச் சட்டப்படி முறித்துக்கொள்ளும் விவாகரத்தும், அவ்வாறு பிரியும் பெற்றோரில் இளவர், அதாவது 18 வயது நிறையாத குழந்தை, யாரிடம் வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்புரிமையும் தமிழ்நாட்டில் குடும்ப நீதிமன்றங்களிலும், அவை இல்லாத ஊர்களில் சார்பு நீதிமன்றங்களிலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் விசாரிக்கப்படுகின்றன. ஒரே வீட்டுப் பிணக்கிலிருந்து எழுந்தாலும் இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில் இயற்றப்பட்ட வெவ்வேறு சட்டங்களின்கீழ் வருவதால், ஒரு தம்பதிக்கிடையே நான்கைந்து மனுக்கள் ஒரே சமயத்தில் நடப்பது அரிதன்று. சட்டநூல்களைப் படிப்பவருக்கு இந்த வரலாறு தந்தையின் உரிமையிலிருந்து குழந்தையின் நலனை நோக்கிய நகர்வாகத் தெரியும். வழக்குக் கட்டுகளைப் புரட்டுபவருக்கோ, சட்டப் பிரிவுகளுக்கு இணையாக வாய்தாக்களும் இடைக்கால உத்தரவுகளுமே முடிவை உருவாக்குவது தெரியவரும்.

நீதிமன்றங்கள் வருமுன்பே தமிழகத்தின் பல சமூகங்களில் மணமுறிவு வழக்கத்தில் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னிலையில் கணவன் ஒரு துரும்பைக் கொடுத்து மனைவியை விலக்கும் முறை மதுரை வட்டாரத்தில் இருந்ததை 19ஆம் நூற்றாண்டின் மாவட்டக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. தாலியைத் திருப்பிக் கொடுத்தும், பரிசப்பணத்தைக் கணக்குத் தீர்த்தும் பிரியும் முறைகளும் உண்டு. இத்தகைய வழக்காற்று மணமுறிவை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 29ஆம் பிரிவின் வழியாக இன்றும் ஏற்கிறது. ஆனால், அந்த வழக்கம் தன் சமூகத்தில் தொன்றுதொட்டு இடையறாமல் இருந்துவருகிறது என்பதை, அதைச் சொல்பவரே மெய்ப்பிக்க வேண்டும். முத்திரைத்தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளும் ‘விடுதலைப் பத்திரம்’ விவாகரத்து ஆகாது என்பது, மறுமணம் செய்துகொண்ட பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

எழுதப்பட்ட சட்டம் இந்துக்களுக்கு முன்பே கிறித்தவர்களுக்கு வந்தது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவி பிறருடன் உறவு கொண்டாள் என்று நிறுவினால் கணவனுக்கு விவாகரத்து கிடைத்தது. மனைவியோ கணவனின் முறைகேடான உறவோடு கொடுமையையோ கைவிடுதலையோ வேறொரு குற்றத்தையோ சேர்த்து நிறுவ வேண்டியிருந்தது. மாவட்ட நீதிபதி அளித்த தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தினால்தான் திருமணம் முறியும் என்ற விதியும் இருந்ததால், சிறு நகரத்துக் கிறித்தவத் தம்பதியரின் கட்டும் சென்னைக்குப் போய்வர நேர்ந்தது. இவ்விரண்டும் 2001இல்தான் நீக்கப்பட்டன.

குழந்தைகளைப் பொறுத்தவரை அடிப்படைச் சட்டம் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டமாகும். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும் என்று அதன் 9ஆம் பிரிவும், குழந்தையின் வயது, பால், சமயம், காப்பாளராக வருபவரின் நடத்தை, உறவின் நெருக்கம் ஆகியவற்றைப் பார்த்து அதன் நலனுக்கேற்ப முடிவெடுக்க வேண்டும் என்றும், விவரம் தெரிந்த வயதாயின் அதன் விருப்பத்தையும் கருதலாம் என்றும் 17ஆம் பிரிவும் கூறுகின்றன. நூற்றுமுப்பது ஆண்டுகளைக் கடந்தும் இந்த வாசகங்களே நடைமுறையில் உள்ளன.

இச்சட்டத்தின் கூர்மை வெளிப்பட்ட முதல் பெரிய வழக்கு செங்கல்பட்டிலிருந்து எழுந்தது. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் வசித்த ஜி. நாராயணையா, தம் மகன்களான ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா ஆகியோரின் காப்பாளராக அச்சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் இருக்க 1910இல் எழுத்து மூலம் இசைந்தார்; பின்னர் மனம் மாறி, சிறுவர்கள் இங்கிலாந்தில் இருந்தபோது, 1912இல் அவர்களைத் திரும்பக் கேட்டுச் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது; தந்தைக்காக சி.பி. ராமசாமி ஐயர் வாதாட, அம்மையார் தம் வழக்கைத் தாமே நடத்தினார். 1913இல் தந்தைக்கு ஆதரவாகத் தீர்ப்பாகி, மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1914இல் அதைத் தலைகீழாக்கியது. தந்தை தம் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் அதை மீட்டுக்கொள்ளலாம் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய கோரிக்கை சாதாரண உரிமையியல் வழக்காக வராமல் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனுவாக வர வேண்டும் என்றும், இங்கிலாந்தில் வசிக்கும் சிறுவர்கள்மீது செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சிறுவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லை என்றும் அது சுட்டியது. குழந்தை எங்கே வசிக்கிறது, அதைக் கேட்டார்களா என்ற இந்த இரு கேள்விகளும் இன்றைய மனுக்களிலும் முதலில் எழுபவை.

இந்துக்களுக்கான விவாகரத்து, சென்னை மாகாணத்தில் மைய அரசின் சட்டத்துக்கு முன்பே, இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதித்த 1949ஆம் ஆண்டின் மாகாணச் சட்டத்தால் வந்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவாயிற்று. கொடுமையும் கைவிடுதலும் தொடக்கத்தில் அச்சட்டத்தில் தனித்து வாழும் நீதிமன்ற உத்தரவுக்கு மட்டுமே காரணங்களாக இருந்து, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விவாகரத்துக்கும் காரணங்களாயின. பரஸ்பர சம்மத விவாகரத்தைத் தரும் 13-பி பிரிவும் அப்போது சேர்ந்ததே. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தம் புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியதால், அவற்றின் முறிவும் இச்சட்டத்துக்குள்ளேயே வருகிறது.

இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956இல் தந்தையை முதல் இயற்கைக் காப்பாளராகவும் அவருக்குப் பின் தாயையும் வைத்தது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும், குழந்தையின் நலனே தலையாயது என்றும் சேர்த்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல், தந்தை உயிரோடு இருக்கையிலேயே அவர் குழந்தையைப் பேணாதபோது தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று விளக்கிச் சட்டத்தின் பாகுபாட்டைத் தணித்தது. சட்ட வாசகம் இன்னும் பழையபடியே இருக்கிறது. அதற்கு முன்பே, 1973இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற மேல்முறையீடு ஒன்றில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களோ விளையாட்டுப் பொருள்களோ அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. பொறுப்புரிமைத் தீர்ப்புகளில் இக்கருத்து மேற்கோளாக வந்துகொண்டே இருக்கிறது.

சட்ட ஆணையம் 1974இல் பரிந்துரைத்தபடி, குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இல் நிறைவேறியது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் இந்நீதிமன்றங்கள் அமைக்கப்பட வேண்டும், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும், தரப்பினர் கேட்டால் விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமையாகாது என்பன அதன் முக்கிய விதிகள். கடைசி விதி ஏட்டளவில் நின்றுவிட்டது. அனுமதி மனு போட்டு வக்காலத்துத் தாக்கல் செய்வதே வழக்கமாகிவிட்டது. சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்ப நீதிமன்றம் வந்தபின் உயர் நீதிமன்றத்தின் முதல்நிலை அதிகாரம் நீங்கிவிட்டதா என்ற கேள்விக்கு 1989இல் முழு அமர்வு இல்லை என்றது. பொறுப்புரிமை, காப்பாளர் மனுக்களைப் பொறுத்து 2022இல் ஐந்து நீதிபதிகளின் அமர்வும் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அதையே கூறியது.

நடைமுறையில் விவாகரத்து மனு சார்பு நீதிமன்றத்தில் ‘எச்.எம்.ஓ.பி.’ என்றும், காப்பாளர் மனு ‘ஜி.டபிள்யூ.ஓ.பி.’ என்றும், இடைக்கால மனு ‘ஐ.ஏ.’ என்றும் எண் பெறும். திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றோடு, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனு செய்யலாம். வேலூரிலிருந்து நாகர்கோவிலுக்குக் கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு அலைந்த பெண்களுக்கு மற்ற பல திருத்தங்களைவிட இதுவே பெரிய மாற்றம் எனலாம். அழைப்பாணையை அமீனா சார்பு செய்தும் எதிர்த்தரப்பு வராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு கிடைக்கும். அதை நீக்கக் கோரி அவர் பின்னர் மனு செய்யலாம் என்பதால் கிடைத்த தீர்ப்பும் உடனே உறுதியாகிவிடுவதில்லை. இருவரும் வந்தால் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்பப்படுவார்கள். அது தோற்றால் எதிருரை, பிரமாண வாக்குமூலம், குறுக்கு விசாரணை என்று வழக்கு நகரும்.

இதற்கிடையில்தான் உண்மையான போராட்டம் நடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் 26ஆம் பிரிவில் குழந்தையின் இடைக்காலப் பொறுப்பும் கேட்கப்படும். குழந்தையின் பராமரிப்பு, கல்விச் செலவுக்கான மனுவை அறிவிப்பு சார்பான நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களில் முடிக்க வேண்டும் என்ற 2001ஆம் ஆண்டு விதி பெரும்பாலும் மதிக்கப்படுவதில்லை. இரு தரப்பும் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனு செய்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020இல் வகுத்தபின், சம்பளத்தை மறைப்பது முன்போல் எளிதாக இல்லை.

குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோருக்கு, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சில மணி நேரம் என்றோ, பள்ளி விடுமுறையில் பாதி என்றோ சந்திப்பு உரிமை அளிக்கப்படும். சந்திக்கும் இடம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறையாகவோ கோயிலாகவோ வணிக வளாகமாகவோ குறிக்கப்படும். வழக்கு இழுக்கும் ஆண்டுகளில் குழந்தை ஒரு வீட்டிலும் ஒரு பள்ளியிலும் வேரூன்றிவிடுகிறது. இறுதி விசாரணையில் நீதிபதி தம் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசும்போது, அது தான் வளரும் வீட்டையே சொல்கிறது. நிலைபெற்ற சூழலைக் கலைப்பது நலனுக்கு உகந்ததன்று என்ற அடிப்படையில் தீர்ப்பும் அவ்வாறே அமைகிறது. முதலில் குழந்தையைத் தூக்கிச் சென்றவருக்குக் காலதாமதமே சாட்சியாகிவிடும் இந்த நிலையைச் சட்டப் பிரிவு எதுவும் நேரடியாக எதிர்கொள்ளவில்லை. பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு அளிக்கச் சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தும் அது சட்டமாகவில்லை.

சேர்ந்து மனு செய்பவர்களுக்கு வழி எளிது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் மனு செய்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் வாக்குமூலம் அளிக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தக்க சூழலில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மீட்கமுடியாதபடி முறிந்த திருமணத்தைத் தன் தனி அதிகாரத்தால் கலைக்கலாம் என்று அது 2023இல் அறிவித்தாலும், அந்த அதிகாரம் கீழமை நீதிமன்றங்களுக்கு இல்லை. முஸ்லிம் பெண்கள் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடலாம். மனைவியே முன்வந்து மணமுறிவு கோரும் குலா முறையில் பிரிய விரும்பும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்கே வர வேண்டும், ஜமாத் அமைப்புகளின் சான்றிதழ் போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் (2005) 21ஆம் பிரிவில் நீதித்துறை நடுவரும் தற்காலிகப் பொறுப்பு உத்தரவிடலாம் என்பதால் மன்றங்கள் பெருகியிருக்கின்றன.

குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்கும், சார்பு நீதிமன்றத் தீர்ப்பினுடையது மாவட்ட நீதிமன்றத்துக்கும் செல்லும். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த குழந்தையை ஒரு பெற்றோர் தமிழ்நாட்டுக்கு அழைத்து வந்துவிடும் வழக்குகள் மட்டும் இந்த ஏணியில் ஏறாமல், ஆட்கொணர்வு மனுவாக நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றன. கோயம்புத்தூருக்கு அழைத்து வரப்பட்ட இரு சிறுமியர் தொடர்பான வழக்கில், இங்கிலாந்து நீதிமன்றம் முந்திக்கொண்டதை முதன்மையாக்கி 2015இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது. 2017இல் அதைவிடப் பெரிய அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்காமல், வெளிநாட்டு உத்தரவு கருதத்தக்க காரணிகளுள் ஒன்று மட்டுமே என்றது. குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேராததால், இவ்வழக்குகளில் திருப்பி அனுப்பும் கடமை எதுவும் இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை.