கொம்பு இடம் மாறிய கதை
கல்வெட்டு முதல் கணினித் திரை வரை

சங்க மலர்களைப் பழையது புதியது என்று பார்க்காமல் கட்டி வைத்திருக்கும் அன்பர்கள் இருந்தால், 2013ஆம் ஆண்டு மலரை எடுத்து நினைவஞ்சலிப் பக்கத்தைப் பாருங்கள். நம் சங்கத்துக்காக முப்பது ஆண்டு உழைத்த பெரியவர் ஒருவரின் படம் இருக்கும். படம் நன்றாகவே விழுந்திருக்கும். கீழே பெயர்? அது 'ஜெ' என்று தொடங்கும் பெயர். அச்சில் கொம்பு 'ஜ'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம் வேறு.

அந்த மலரின் அச்சுப் பொறுப்பு என்னுடையது. விழா முடிந்து இலை போட்டுச் சாப்பிடும் நேரத்தில் அந்தப் பெரியவரின் மகள் மலரோடு என்னிடம் வந்தாள். கோபமாகக் கூடப் பேசவில்லை. "என்ன மாமா, அப்பா பேரை எழுதக் கூடவா நமக்குத் தெரியலை?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று தொடங்கிய தேடல்தான் இக்கட்டுரை.

நான் காகித வியாபாரி. செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் சமணக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் மும்பைக்கு வந்து, அச்சகங்களுக்கு ரீம் கணக்கில் காகிதம் போட்டுப் பிழைத்தவன். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். படித்தது, கேட்டது, கையைச் சுட்டுக்கொண்டது இவைதான் என் மூலதனம். பிழை இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள்க.

கல்லிலும் ஓலையிலும்

கொம்பு ஏன் எழுத்துக்கு இடப்பக்கம் வந்தது? நாம் 'ஜெ' என்று சொல்லும்போது 'ஜ்' என்ற மெய்தான் முதலில் ஒலிக்கிறது, 'எ' பிறகுதான் வருகிறது. ஆனால் எழுதும்போது எகரக் குறி முன்னால் வந்து நிற்கிறது. இதற்கு விடை மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் போன்ற மலைக் குகைகளில் இருக்கிறது. சமண முனிவர்கள் தங்கிய அந்தக் குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்தில், எகரத்தைக் காட்ட எழுத்தின் இடப்பக்கம் ஒரு சிறு கோடு இழுப்பார்கள். ஐகாரத்துக்கு இரண்டு கோடு. ஒகரத்துக்கு இருபுறமும் கோடு. நாளடைவில் இடப்பக்கக் கோடு எழுத்திலிருந்து பிரிந்து, சுழிந்து கொம்பாயிற்று. ஒகரத்தின் வலப்பக்கக் கோடு காலாயிற்று. ஆக, இன்று நாம் போடும் கொம்புக்கும் காலுக்கும் ஈராயிரம் ஆண்டு வயது.

ஓலைக்கு வந்தபோது வேறு தொல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். காலும் ரகரமும் ஒரே வடிவம். குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே கொம்பு. படிப்பவருக்குப் பொருள் தெரிந்தால்தான் எழுத்தே தெரியும். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அதற்கு முன் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெளிந்த வரலாறு யாவரும் அறிந்ததே. எங்கள் வீட்டில் பெரியவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொரு பாடம் தெரிந்தது. எழுத்தைக் கண் மட்டும் படிப்பதில்லை, விஷயம் தெரிந்த மனிதர் பக்கத்தில் வேண்டும்.

ஈயத்திலும் தட்டச்சிலும்

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அது. பிறகு 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவையாக இருந்தன. காகிதமோ தட்டுப்பாடு. ஆகவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். காகிதம் கட்டுபடியாகவில்லை என்பதற்காக எழுத்தின் வடிவமே சிறுத்தது என்பது காகித வியாபாரியான எனக்கு வியப்பில்லை. இன்றும் பக்கம் குறைக்கச் சொல்லி எழுத்தைச் சிறிதாக்குகிறோம் அல்லவா!

குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பில் வேறுபாடு காட்டிய பெருமை வீரமாமுனிவருக்கு உரியது. 1935இல் பெரியார் 'குடிஅரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்று ஆணையிட்டது. அத்துடன் யானைத் துதிக்கை போல இருந்த பழைய ணை, லை, ளை, னை வடிவங்கள் போயின. என் வயதுக்காரர்கள் பள்ளியில் ஒரு மாதிரியும் வேலைக்கு வந்த பின் வேறு மாதிரியும் எழுதியவர்கள்.

தட்டச்சுப் பொறி வந்தபோது ஒரு பழக்கம் நிலைபெற்றது. 'ஜெ' வேண்டுமானால் முதலில் கொம்பைத் தட்டு, பிறகு 'ஜ'வைத் தட்டு. கண்ணுக்குத் தெரியும் வரிசையே விரல் வரிசை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வில்லங்கத்துக்கு இதுதான் வித்து.

கணினிக்குள் நுழைந்த தமிழ்

1985இல் பேஜ்மேக்கர், 1989இல் கோரல்டிரா, 1990இல் போட்டோஷாப் என்று மென்பொருள்கள் வரிசையாக வந்தன. ஆங்கிலத்துக்கு என்று செய்யப்பட்டவை இவை. இவற்றுக்குள் தமிழை நுழைக்க நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய அறையில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். தட்டச்சுப் பொறியைப் போலவே கொம்பை முதலில் தட்ட வேண்டும். மென்பொருளுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே எல்லாம் ஒழுங்காக வந்தது.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு அறையில் ஒவ்வோர் எழுத்தை வைத்தது. ஒருவர் கோப்பை இன்னொருவர் திறந்தால் ஆங்கிலக் குப்பை. எங்கள் மலருக்கு ஐந்து பேர் ஐந்து எழுத்துருவில் கட்டுரை அனுப்பி, கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி தட்டிய ஆண்டுகள் உண்டு. இதைச் சரிசெய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக ஒருங்குறி, அதாவது யூனிகோட், 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடம். இந்திய மொழிகளுக்கென இங்கே வகுத்த இஸ்கி முறையை அடியொற்றியதால், ஒலி வரிசையில் 'ஜ' முதலில், எகரக் குறி பிறகு என்று சேமிக்கும். தேடவும் அகரவரிசைப்படுத்தவும் இதுவே வசதி. ஆனால் திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டிய வேலை மென்பொருளின் தலையில் விழுந்தது. தமிழ் மட்டுமல்ல, நம் பக்கத்து வீட்டு மராத்திக்காரர் எழுதும் 'கி'க்கும் இதே கதிதான். அவர்களுடைய இகரக் குறியும் இடப்பக்கம் வருவதே.

விண்டோஸ் 2000 இந்த வேலையைக் கற்றுக்கொண்டது. படமும் பக்கமும் செய்யும் மென்பொருள்கள் எல்லாம் உடனே கற்றுக்கொள்ளவில்லை. இன்டிசைன் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை முறையாக ஏற்றது. போட்டோஷாப் அதற்கும் பிறகு. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்ததற்கு இந்தக் குறைபாடும் ஒரு காரணம்.

இப்போது 2013இல் நடந்தது விளங்கியது. பெரியவரின் குடும்பத்தார் பெயரை மின்னஞ்சலில் ஒருங்குறியில் அனுப்பினார்கள். அங்கே சரியாகத்தான் தெரிந்தது. வடிவமைத்த பையனுக்குத் தமிழ் தெரியாது. அப்படியே எடுத்து, தமிழ் அறியாத ஒரு பழைய படத்திருத்த மென்பொருளில் ஒட்டினான். அது சேமித்த வரிசையிலேயே காட்டியது. பற்ற எதுவும் கிடைக்காத கொம்பு புள்ளிவட்டத்தைப் பற்றிக்கொண்டு நின்றது. நான் புரூப் பார்த்தபோது படத்தின் நிறம் சரியா, காகிதம் உறிஞ்சுமா என்று பார்த்தேன். பெயரைப் படிக்கவில்லை. பையன் மேல் பழி போட எனக்கு வாயில்லை.

கையைச் சுட்டுக் கற்றவை

அடுத்து மலர்ப் பொறுப்பு ஏற்பவர்களுக்காக, நான் கற்ற மாற்று வழிகளைச் சொல்லி வைக்கிறேன்.

ஒன்று. போட்டோஷாப்பின் சில பதிப்புகளில் எழுத்து அமைப்புகளுக்குள் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்றொரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் கொம்பு இடத்துக்கு வரும். ஏற்கெனவே தட்டிய வரிக்குத் தானாக வராது, அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

இரண்டு. பழைய பதிப்புதான் இருக்கிறது என்றால், காசில்லாமல் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பிலோ கிம்ப்பிலோ தமிழ் வரியை எழுதிப் படமாக்கி எடுத்து வந்து வைக்கலாம். இவை இரண்டும் தமிழ் அறிந்தவை. அல்லது ஒருங்குறியைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித் தரும் மாற்றிகளைப் பயன்படுத்தலாம்.

மூன்று. அச்சகத்துக்குக் கொடுக்குமுன் எழுத்தை 'கர்வ்ஸ்' ஆக்குங்கள். அங்கே எழுத்துரு இல்லாவிட்டாலும் கலையாது. ஆனால் அதன்பின் ஒற்றெழுத்தைக் கூடத் திருத்த முடியாது. திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு. கருப்பு எழுத்து கருப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு வண்ணமும் கலந்த கருப்பாக இருந்தால், தகடு மயிரிழை நகர்ந்தாலும் கொம்பு இரட்டையாகத் தெரியும். அடர் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து சிறிதாக வைத்தால் மை பரவிப் புள்ளி அடைந்துபோகும். ஓலையில் விட்ட புள்ளியை மேப்லித்தோ காகிதத்திலும் விட்டுவிடாதீர்கள்.

ஐந்து. பழைய படத்தைத் திருத்தும்போது மூலப்படத்தைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். இதற்கும் ஒரு சூடு பட்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்று ஒன்றில் உள்ள கல்வெட்டைப் படமெடுத்து, தெளிவாகத் தெரியட்டும் என்று வெளிச்சத்தையும் கருப்பையும் ஏற்றிக்கொண்டே போனேன். ஓர் எழுத்துக்கு முன்னால் அருமையான கொம்பு தெரிந்தது. புதிய பாடம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நண்பர்களிடம் தம்பட்டம் அடித்துவிட்டேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். அது பாறையின் வெடிப்பு! இருந்த கொம்பை ஒரு மென்பொருள் பின்னால் தள்ளியது என்றால், இல்லாத கொம்பை இன்னொன்றைக் கொண்டு நானே முளைக்க வைத்தேன்.

ஆறு. இதுதான் முக்கியம். பெயர்களை மட்டும் தனித்தாளில் பெரிதாக அச்சிட்டு, அந்தந்தக் குடும்பத்தாரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கணினிக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருக்கலாம். இன்ன வீட்டுப் பெரியவர் தம் பெயரை எப்படி எழுதினார் என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

நிறைவாக

2014ஆம் ஆண்டு மலரில் அதே நினைவஞ்சலியை மறுபடி அச்சிட்டோம். நல்ல ஆர்ட் காகிதம் நானே போட்டேன். அச்சுக்குப் போகுமுன் தாளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மகள் படித்தாள். பேத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். இங்கே ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பெண், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். கொம்பின் மேல் விரல் வைத்து, "இது ஏம்மா முன்னாடி இருக்கு? பின்னாடிதானே சொல்றோம்?" என்று கேட்டது.

மாங்குளத்துக் குகையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். காபி ஆறிப்போயிற்று. குழந்தை தாத்தா பெயரைத் தன் நோட்டில் எழுதிக் காட்டியது. கொம்பு முன்னால்தான் இருந்தது.

வெளி மாநிலத்தில் நம் பிள்ளைகள் தமிழை அதிகம் பார்க்கும் இடங்களில் ஒன்று இந்த மலர். இதில் எழுத்து கலைந்தால், அதுவே சரி என்று அவர்கள் எண்ணிக்கொள்ளக் கூடும். ஆகவே அடுத்த மலருக்குப் பெயர்ப்பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது, அருள்கூர்ந்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.