மாரியம்மன் ஆலயத்தில் திரௌபதிக்கு விழா ஏன்?

சிங்கப்பூர் மாரியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. ஆனால் அந்த விழாவின் நாயகி மாரியம்மன் அல்லள், திரௌபதி. இது எப்படி என்று பிள்ளைகள் கேட்டால், "அது அப்படித்தான்" என்று சொல்லி நழுவிவிடுகிறோம். கேள்வி நியாயமானது. பதில் நம் முன்னோர் கப்பலேறிய துறைமுகங்களில் இருக்கிறது.

1819ஆம் ஆண்டு ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. கோயில் கட்ட அவருக்கு முதலில் காட்டப்பட்ட இடம் தெலுக் ஆயர் ஸ்திரீட். அங்கே நல்ல தண்ணீர் இல்லை. தண்ணீரின்றி அபிஷேகம் ஏது? அடுத்து ஸ்டாம்போர்ட் கால்வாய் அருகே ஓர் இடம் கிடைத்தது. அது 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823இல்தான் சவுத் பிரிட்ஜ் சாலை நிலம் ஒதுக்கப்பட்டது. 1827இல் மரமும் அத்தாப்புமாக ஆலயம் எழுந்தது. அவர் வைத்த சிறிய அம்மனைச் 'சின்ன அம்மன்' என்றார்கள். இந்தத் தீவில் முதல் செங்கல் சூளை போட்டவர்களில் ஒருவர் கட்டிய கோயிலுக்கு அத்தாப்புக் கூரை! பின்னர்தான் அது செங்கல் கட்டடமாயிற்று.

அம்மை நோய்க்கும் மழைக்கும் உரியவள் மாரி. நெருக்கடியான குடியிருப்புகளில் நோய்க்கு அஞ்சி வாழ்ந்த கூலித் தொழிலாளிக்கு அவளைவிட நெருங்கிய தெய்வம் கிடையாது. வேலை கிடைக்கும்வரை புதிதாக வந்தவர்கள் தங்கியதும் அவள் நிழலில்தான்.

அவர்களில் பலர் கடலூர், நாகப்பட்டினம் வட்டாரத்தார். தென்னார்க்காட்டிலும் தஞ்சைக் கரையிலும் திரௌபதி வழிபாடு ஆழமாக வேரூன்றியது. ஊரில் இரு அம்மன்களுக்கும் தனித்தனிக் கோயில் இருக்கும். இங்கே வந்தவர்களுக்கு இருந்தது ஒரே கூரை. ஆகவே திரௌபதியும் அதே ஆலயத்தில் இடம் பெற்றாள். தீமிதி 1840 முதல் நடப்பதாக ஆலய வரலாறு கூறுகிறது.

இதை ஒருநாள் விழா என்று நினைப்பவர்கள் உண்டு. ஆடியில் கொடியேறினால் ஐப்பசி வரை பாரதக் கதை படிப்படியாக நடக்கும். திரௌபதி திருமணம், அர்ச்சுனன் தபசு, அரவான் பலி, படுகளம் எல்லாம் முடிந்த பிறகே பூக்குழி. நெருப்பில் நடந்து மலர்போல் வெளிவந்தாள் என்பது கதை. அதனால்தான் அந்தப் பெயர். கரகம் ஏந்திய தலைமைப் பூசாரி முதலில் இறங்குவார். காப்புக் கட்டி விரதமிருந்த பக்தர்கள் பின்தொடர்வார்கள். தணலைக் கடந்ததும் பால் குழியில் கால் வைப்பார்கள்.

ஒரு பெண் நெருப்பில் நடந்த கதையைக் கொண்டாடும் இந்தக் குழியில் இறங்குவோர் ஆண்கள் மட்டுமே. பெண்கள் பால்குடம் எடுக்கிறார்கள், கும்பிடுதண்டம் இடுகிறார்கள். வழக்கம் அது என்றாலும், காரணம் கேட்கும் பெண்ணை அதட்டுவது முறையாகாது என்பேன்.

சிராங்கூன் சாலைப் பெருமாள் ஆலயத்திலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் நடந்து வருவதும் அர்த்தமுள்ளதே. திரௌபதிக்குக் கண்ணன் அண்ணன் முறை. அண்ணன் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். ஆனால் பெருமாள் ஆலயம் தோன்றியது 1855இல். அப்படியானால் அந்த ஊர்வலம் தீமிதியுடன் பிறந்ததல்ல. இரண்டாவது ஆலயம் எழுந்த பிறகு இந்த ஊரிலேயே சேர்ந்த வழக்கம்.