லண்டனில் ஒரு வீடு, 1660 ஐப்பசி



போன மாதம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன் பண்ணினான். பையன் என்கிறேன், அவன் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. "டீச்சர், ராஜா வந்தார், போனார், போர் நடந்தது என்று பாடத்தில் படித்தோம். அந்த நாளில் சாதாரண வீட்டுக்குள்ளே என்ன நடந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டான். எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் ரொம்பப் பேர் இல்லை. அவர்களில் ஒருவரைப் பற்றி இன்றைக்கு எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். டீயும் கதையில் வருகிறது.

அவர் பெயர் சாமுவேல் பீப்ஸ். எழுத்துக்கூட்டிப் படித்தால் பெப்பிஸ் என்றுதான் வரும். ஆங்கிலேயர் சொல்வது பீப்ஸ். லண்டன் தையற்காரர் ஒருவரின் மகன். 1660 ஜனவரி 1 அன்று டைரி எழுதத் தொடங்கி, 1669 மே 31 வரை எழுதினார். கண் பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் நிறுத்திவிட்டார். வரலாற்றுப் புத்தகங்களில் அவர் பெயர் வருவது 1665 கொள்ளைநோய்க்காகவும் 1666 லண்டன் தீவிபத்துக்காகவும். நான் எடுத்துக்கொள்வது அதற்கு முந்தைய ஒரு சில மாதங்களை. 1660-ஆம் வருஷத்து இலையுதிர்காலம். நம் கணக்கில் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை.

அந்த வருஷம் மே மாதம்தான் இரண்டாம் சார்லஸ் மன்னர் நாடு திரும்பியிருந்தார். அவரை அழைத்துவரப் போன கப்பல்களில் பீப்ஸும் இருந்தார். பெரிய இடத்து உறவினர் ஒருவர் தயவில் கடற்படை அலுவலகத்தில் நல்ல வேலை கிடைத்தது. வருஷத்துக்கு 350 பவுண்டு சம்பளம், அலுவலகத்தை ஒட்டியே சீதிங் லேன் என்ற தெருவில் வீடு. அவருக்கு வயது 27. மனைவி எலிசபெத்துக்கு அந்த அக்டோபரில்தான் 20 முடிகிறது. கல்யாணம் ஆகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. வேலைக்கு ஜேன் என்ற பெண். அந்த இலையுதிர்காலத்தில் அவள் தம்பியும் எடுபிடி வேலைக்கு வந்து சேர்ந்தான்.

புது வீடு என்றால் வேலை இல்லாமல் இருக்குமா? தச்சர், பூச்சுக்காரர், பெயிண்டர் என்று ஆள் மாற்றி ஆள். குடியிருக்கும் வீட்டில் வேலை வைத்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். சாமான் எல்லாம் நடு வீட்டில், எங்கே பார்த்தாலும் தூசி. பகலில் பீப்ஸ் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறார்.

செப்டம்பர் 25. அலுவலகத்தில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து ஸ்பெயினோடு சமாதானம், ஹாலந்தோடு சண்டை என்று பேசுகிறார்கள். நடுவில் பீப்ஸ் ஒரு கோப்பை டீ வாங்கிவரச் சொல்லிக் குடிக்கிறார். அது ஒரு சீனத்துப் பானம், இதற்கு முன் குடித்ததே இல்லை என்று குறித்துவைக்கிறார். நன்றாக இருந்ததா இல்லையா என்று எழுதவில்லை. நம் சென்னையில் ஜார்ஜ் கோட்டை எழும்பி அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது. கோட்டை கட்டிய கம்பெனிக்காரர்களின் சொந்த ஊரிலேயே டீ அவ்வளவு புதுசு!

அக்டோபர் 13-ஐ மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலாம் சார்லஸ் மன்னரின் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரான ஹாரிசன் என்ற தளபதியைத் தூக்கிலிட்டு, உடலைக் கூறு போட்டார்கள். பீப்ஸ் நேரில் போய்ப் பார்த்தார். 1649-இல் பள்ளிக்கூடப் பையனாக அந்த மன்னரின் தலை வெட்டப்பட்டதையும் பார்த்தவர் அவர். பார்த்து முடித்ததும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போய்ச் சிப்பி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் வீடு. வீட்டில் மனைவியின் சாமான்கள் அங்கங்கே கிடந்தன. கோபம் வந்தது. ஹாலந்திலிருந்து ஆசையாக அவளுக்கு வாங்கி வந்த சின்னக் கூடையை ஒரே உதை. உடைந்துவிட்டது. உடைந்ததும் வருத்தம் வந்தது. அன்று மத்தியானம் தன் அறையில் அலமாரிப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு தடவை கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "அந்த அம்மா என்ன டீச்சர் சொன்னாங்க?" என்றாள். டைரியில் அது இல்லை.

சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 20. பீப்ஸ் வீட்டு நிலவறை ஜன்னலைப் பக்கத்து வீட்டு மேலதிகாரி பேட்டன் அடைத்துவிட்டார். வேறு எங்கே ஜன்னல் வைக்கலாம் என்று பார்க்க ஓர் ஆள் வந்தான். அவனோடு கீழே இறங்கிய பீப்ஸ் கால் வைத்தது மலக் குவியலில்! இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் டர்னரின் கக்கூஸ் குழி நிரம்பி, இவர் நிலவறைக்குள் வழிந்துவிட்டது. லண்டனில் அப்போது பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு அடியிலோ பின்னாலோ குழி. நிரம்பினால் ராத்திரியில் ஆள் வைத்து அள்ளுவார்கள். ஒட்டு வீடு என்றால் ஒருவர் குழி அடுத்தவர் தலைவலி. நம் தெருக்களில் இந்தச் சண்டையைப் பார்க்காதவர் யார்? ராஜாங்கச் சேதிக்குப் பக்கத்திலேயே இதையும் அந்த மனிதர் எழுதிவைத்திருக்கிறார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காத பக்கங்களும் உண்டு. டிசம்பர் 1 காலை, சாமான்கள் வைக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று துடைப்பத்தை எடுத்து ஜேனை அடித்தார். அவள் கதறி அழுதாள். வெளியே கிளம்பும் முன் சமாதானப்படுத்திவிட்டுப் போனதாக எழுதுகிறார். சமாதானம் ஆனாள் என்று அவர் சொல்கிறார், அவ்வளவுதான். அவள் தம்பியைச் சில வருஷம் கழித்து வேலையை விட்டு அனுப்பினார். 1663-இல் அந்தப் பையனை பார்படோஸ் தீவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். காப்பாற்றச் சொல்லிக் கேட்டபோது பீப்ஸ் மறுத்துவிட்டார்.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது தங்கை விஷயம். பெயர் பாலினா. அண்ணிக்கும் அவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கல்யாணம் ஆகவில்லை, கையில் பணம் இல்லை. நவம்பர் 12 அன்று அப்பா, அம்மா, மனைவி எல்லோரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து பீப்ஸ் அவளிடம் சொல்கிறார்: என் வீட்டுக்கு வரலாம், ஆனால் தங்கையாக இல்லை, வேலைக்காரியாக. அவள் நன்றி சொல்லி, சந்தோஷத்தில் அழுதாளாம். சந்தோஷம் என்று முடிவு பண்ணியது அண்ணன்! ஜனவரி 2-ஆம் தேதி வந்து சேர்ந்தாள். முதல் நாளே சாப்பாட்டு மேசையில் அவளை உட்காரவிடவில்லை. பின்னால் எதிர்பார்க்கக் கூடாது அல்லவா, அதனால்தான் என்று காரணமும் எழுதியிருக்கிறார். எட்டு மாதம்தான். செப்டம்பரில் அம்மாவோடு வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பியபோது அழுதுகொண்டே போனாள்.

சொந்தக்காரர்கள் இதைப் படிக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். பட்டணத்து உறவினர் வீட்டில் "படிக்க வைக்கிறோம்" என்று கொண்டுபோய் விடப்பட்ட பெண்கள் நம் பக்கத்திலும் உண்டு. எல்லோரும் எழுந்த பிறகு அடுக்களையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டவர்கள். யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களில் யாரும் டைரி எழுதவில்லை.

எலிசபெத் எழுதினாள். தன் தனிமையைப் பற்றி, ஆங்கிலத்தில். 1663 ஜனவரியில் கணவருக்குப் படித்துக் காட்டினாள். சொன்னதில் பெரும்பாலும் உண்மை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வேறு யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று அவள் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். அவர் டைரி ஆறு தொகுதி பத்திரமாக இருக்கிறது, அவள் எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. 1669 நவம்பர் 10 அன்று 29 வயதில் இறந்துபோனாள்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லாமல் விடக் கூடாது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவரை இந்தியாவின் பீப்ஸ் என்பார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. அவர் நடை வேறு, உலகம் வேறு. அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பீப்ஸின் டைரி சுருக்கெழுத்தில் இருந்ததால் நூற்றைம்பது வருஷம் யாரும் படிக்கவில்லை. 1819 முதல் 1822 வரை ஜான் ஸ்மித் என்ற மாணவர் தலையை உடைத்துக்கொண்டு முழுவதையும் பெயர்த்தெழுதினார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் அதே நூலகத்தில்தான் இருந்தது, அவருக்குத் தெரியாது! 1825-இல் அச்சானபோது பெரிய மனிதர்களின் சங்கதியை வைத்துக்கொண்டு, வீட்டுச் சங்கதியில் நிறைய வெட்டிவிட்டார்கள். ஒன்றும் விடாமல் முழுதாக வரத் தொடங்கவே 1970 ஆகிவிட்டது.

ஜேன் பிறகு பீப்ஸிடம் வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். அவள் விதவையான பின் பீப்ஸ் வருஷத்துக்கு 15 பவுண்டு கிடைக்க ஏற்பாடு செய்தார். பாலினாவுக்கு 1668-இல் கல்யாணம் ஆனது. பீப்ஸுக்குக் கடைசிவரை பிள்ளை இல்லை. வயதான காலத்தில் அவரோடு இருந்தது பாலினாவின் மகன் ஜான் ஜாக்சன். மாமாவின் மூவாயிரம் புத்தகங்களையும் டைரியையும் அவன்தான் காப்பாற்றினான். அவன் காலத்துக்குப் பின், 1724-இல், அவை கேம்பிரிட்ஜ் மாக்டலின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. மேசையில் இடம் கிடைக்காத தங்கையின் பிள்ளை.

தீபாவளிக்குப் பரண் சுத்தம் பண்ணும்போது அம்மா, ஆச்சி, அத்தை கையால் எழுதிய பால் கணக்கு, மளிகைச் சிட்டை, கடிதம் எது கிடைத்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் நோட்டையெல்லாம் திருத்தின கண் இது.