குக்கலும் வயதும்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

குக்கல் குழந்தைகளின் நோய் என்பது வழிவழியாகக் கூறப்பட்டுவரும் கருத்து. ஒரு நோய் எவ்வயதினரைத் தாக்கும் என்பதை இயற்கையே தீர்மானிக்கிறது எனக் கொள்ளும் இந்நோக்கு வரலாற்றுக்குப் புறம்பானது.

இந்நோயின் பற்றீரியாவை போர்டே, ஜொங்கு ஆகிய இருவரும் 1906இல் பிரித்தெடுத்தனர். எனினும், 1920களின் இறுதியிலும் ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர் குக்கலால் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டோர். 1932இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, மிச்சிகன் மாநிலத்தின் கிறாண்ட் றப்பிட்ஸ் நகரில் பேள் கென்ட்றிக், கிறேஸ் எல்டறிங் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் இதனை ஆராயத் தொடங்கினர். அரசாங்க ஆய்வுகூடத்திற் பகற்பணி முடிந்தபின், மண்ணெண்ணெய் விளக்கொளியில் வறியோர் வீடுகளுக்குச் சென்றனர். இருமும் குழந்தையின் வாய்முன் வளர்ப்பூடகத் தட்டை ஏந்தி மாதிரிகளைச் சேகரித்தனர். நோயின் வரலாறும் வறுமையின் வரலாறும் அவர்களுக்கு ஒரே வீட்டிற் கிடைத்தன. முதற் பரிசோதனையில், தடுப்பூசி பெற்ற 712 பிள்ளைகளுள் நால்வருக்கும், பெறாத 880 பிள்ளைகளுள் 45 பேருக்கும் நோய் கண்டது. (1940களில் இப்பணியில் இணைந்த கறுப்பினப் பெண் லோனி கோர்டனின் பங்களிப்பு நெடுங்காலம் பேசப்படாதிருந்தமை தற்செயலானதன்று.)

ஆயின், தடுப்பூசி குக்கலை ஒழித்துவிடவில்லை. அதன் வயதை மாற்றியது எனலாம். நோய் தரும் நிர்ப்பீடனமோ தடுப்பூசி தருவதோ ஆயுள் முழுவதும் நிலைப்பதன்று. கிருமி பரவலாக உலவிய காலத்தில் வளர்ந்தோர் அதனை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டு தம் நிர்ப்பீடனத்தைப் புதுப்பித்துக்கொண்டனர். அது அருகியபோது இளைஞரும் பெற்றோரும் நோய்க்கு ஆளாகும் நிலை தோன்றியது. அவர்களிடம் அது பெரும்பாலும் வெறும் நீடித்த இருமலே. அதனைக் குக்கலென எவரும் ஐயுறுவதில்லை. நாட்கூலிக்குச் செல்லும் தாய் அவ்விருமலுக்காக வீட்டிலிருக்கவும் முடிவதில்லை. தடுப்பூசி பெறும் வயதை இன்னும் எட்டாத அவளது கைக்குழந்தையே அதன் விலையைச் செலுத்துகிறது.

அரசின் தீர்மானமும் இங்கு கருதத்தக்கது. தடுப்பூசி ஏற்றப்பட்ட இரு குழந்தைகள் இறந்ததையடுத்து, யப்பானிய அரசு 1975இல் அதனை முதலில் நிறுத்தி, பின் இரண்டு வயதுக்குத் தள்ளிவைத்தது. 1979இல் அங்கு ஏறத்தாழ 13,000 பேர் குக்கலால் பீடிக்கப்பட்டனர். 41 பேர் இறந்தனர்.

2012இல் இங்கிலாந்தில் 14 கைக்குழந்தைகள் மாண்டபோது வேறொரு வழி நாடப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல் கருவுற்ற தாய்மாருக்கே தடுப்பூசி ஏற்றப்பட்டது. தாயின் உடலில் உருவாகும் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தினூடாகப் பிறப்பதற்கு முன்னரே சிசுவைச் சென்றடைகின்றன.