கழியொலியும் நுண்குமிழியும்

இயற்கையின் ஆற்றல்கள் பல, தீங்கு விளைத்த பின்னரே மனிதனுக்குத் தம்மை அறிவித்தன. நீரில் தோன்றி மறையும் குமிழியின் வரலாறும் அத்தகையதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், விரைந்தோடும் கப்பல்களின் சுழலிதழ்களைச் சூழக் குமிழிகள் எழுந்து அவற்றின் உந்துவலியைக் குறைத்தன. இதழ்களின் உலோகமும் குழிகுழியாக அரிக்கப்பட்டது. 1917இல் இரேலிப் பிரபு இதனைக் கணித முறையால் விளக்கினார். குமிழி நொறுங்குங்கால் சூழ்ந்துள்ள நீர் அதனிடத்திற் பாய்ந்து மோதுவதால், மிகச் சிறிய இடத்திலே பேரமுக்கம் பிறக்கின்றது என்பது அவர் கண்ட முடிபு.

அக்காலத்திலேயே, முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிதற்பொருட்டு, பிரெஞ்சு அறிஞர் லான்செவன் படிகக்கல்லை மின்னால் அதிரச்செய்து கழியொலியைக் கடலுட் செலுத்தினார். விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டு, மனிதச் செவிக்குப் புலனாகாத ஒலியே கழியொலி எனப்படும். அது சென்ற வழியில் மீன்கள் மடிந்தன. வலிய கழியொலி உயிர்க்கலங்களைச் சிதைக்க வல்லதென 1927இல் அமெரிக்க அறிஞர் வூட்டும் லூமிசும் காட்டினர்.

அழிவால் அறியப்பட்ட இவ்விரண்டும் மருத்துவத்தில் ஒன்றுகூடியமை எதிர்பாராததொன்று. கழியொலியால் இதயத்தை நோக்குங்கால், ஊசிவழிச் செலுத்திய திரவம் குருதியின் எதிரொலியை வலுப்படுத்துவதாக 1968இல் கிராமியாக்கு, ஷா என்னும் இருவர் எழுதினர். திரவத்திற் கலந்த நுண்குமிழிகளே அதற்குக் காரணம். பிற்காலத்தார் புரதத்தாலோ கொழுப்பாலோ ஓடமைத்து, உள்ளே வாயுவை அடைத்து, செங்குருதிக் கலத்தின் பருமனுக்கு மிகாத குமிழிகளை ஆக்கினர்.

பரம்பரையலகை நோயாளியின் கலங்களுட் புகுத்த முயன்றோர் இக்காலத்தில் ஓர் இடரை எதிர்நோக்கினர். கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு அதனை எளிதில் உள்ளே விடாது. ஆதலின் வலுக்குறைத்த வைரசுகளைத் தூதாக அனுப்பினர். 1999இல் அமெரிக்காவில் அத்தகைய சோதனைக்கு உட்பட்ட 18 வயது இளைஞன் ஒருவன், வைரசுக்கு எதிராக உடலிற் கிளர்ந்த கடும் விளைவால் உயிர்நீத்தான். வேறு வழி தேடவேண்டிய தேவை அதனால் யாவர்க்கும் புலனாயிற்று.

அவ்வழியின் தொடக்கம் முன்னரே கிடைத்திருந்தது. 1987இல் ஒலியின் உதவியாலும், 1997இல் ஒலியோடு நுண்குமிழிகளின் உதவியாலும், வளர்ப்புக் கலங்களுட் பரம்பரையலகு புகுத்தப்பட்டது. ஒலியலை படுந்தோறும் குமிழி விரிந்து சுருங்கி, அருகிலுள்ள மென்சவ்வைத் தாக்குகின்றது, நுண்டுளைகள் திறக்கின்றன, பரம்பரையலகு உட்புகுகின்றது, துளைகள் மீண்டும் மூடிக்கொள்கின்றன. ஒலி குவியும் இடத்தில் மாத்திரமே இது நிகழ்தல் இம்முறையின் சிறப்பு. 2017இல் வெளியான ஆய்வொன்றில், சிறுபன்றிகளின் கணைக்காலெலும்பில் தானே பொருந்தாத பெரும் முறிவு, எலும்பை வளர்க்கும் பரம்பரையலகை இவ்வாறு புகுத்தியதாற் பொருந்தியது.

எனினும் இம்முறை இன்னும் பொது மருத்துவத்தை எய்தவில்லை. ஒலியின் வலி குறையின் வாயில் திறவாது. மிகின் கலமே மடியும். கப்பலின் உலோகத்தை அரித்த விசையும் கலத்தின் வாயிலைத் திறக்கும் விசையும் ஒன்றே. இரண்டையும் வேறாக்குவது அளவு. அவ்வளவைத் திட்டமாக அறிதலே இன்றைய ஆய்வாளர்முன் உள்ள பணியாம்.