ஏற்காட்டில் ஓடும் ரயில்

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ராத்திரியில் ஓடும் வண்டிக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்ததோடு சரி. அதில் வருபவர்களும் சேலத்தில் இறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில்தான் கடக்க வேண்டும். ஏற்காட்டில் ரயில் ஓடுகிறது என்றால் அது என் வீட்டு மாடி அறையில், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுவதுதான். போன மாதம் அதில் ஒரு பழைய எஞ்சினுக்கு டீகோடர் பொருத்தினேன். "அது என்ன சார்?" என்று கேட்ட நண்பர்களுக்காக அதன் சரித்திரத்தை எழுதுகிறேன்.

ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கன் கொடுத்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். பிரம்பு வளையத்தில் கட்டிய அந்தப் பையை ஓடும் எஞ்சினிலிருந்து கை நீட்டி வாங்குவதை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்போம். ஒரு பகுதியில் ஒரு வண்டி என்பதே விதி. பழைய பொம்மை ரயிலிலும் அதே கதைதான், காரணம் மட்டும் வேறு. தண்டவாளத்தில் 12 வோல்ட் டி.சி. கொடுத்தால் அதன் மேல் நிற்கும் எஞ்சின்கள் எல்லாமே சேர்ந்து ஓடும். ஒன்றை நிறுத்தி ஒன்றை ஓட்ட, பாதையைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும்.

இதை மாற்ற அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1960-களிலேயே முயன்றது. 1980 வாக்கில் இங்கிலாந்தின் ஹார்ன்பி, ஜீரோ ஒன் என்ற கருவியை விற்றது. ஒரே பாதையில் 16 எஞ்சின்கள்வரை தனித்தனியாக ஓட்டலாம். நல்ல சரக்குதான். ஆனால் அதன் பாஷை அதற்கு மட்டுமே புரியும். விற்பனை நின்றதும், காசு போட்டு வாங்கியவர்கள் கைவிடப்பட்டார்கள்.

ஜெர்மனியில் லென்ஸ் என்ற சிறிய கம்பெனி மார்க்லின், ஆர்னால்ட் என்ற இரு பெரிய கம்பெனிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியது. 1989-இல் ஆர்னால்டுக்கான டீகோடர் கடைக்கு வந்தது. அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கம் அந்த முறையை அடிப்படையாக எடுத்து, விரிவாக்கி, எல்லோருக்கும் பொதுவான விதியாக்கியது. அதன் வரைவு 1993 அக்டோபரில் மாடல் ரெயில்ரோடர் பத்திரிகையில் வெளியானது. என்னைக் கேட்டால் சிப்பைவிட இந்தப் பொது விதிதான் பெரிய காரியம். இன்று எந்தக் கம்பெனி டீகோடரும் எந்தக் கம்பெனி கன்ட்ரோலருக்கும் அடிப்படைக் கட்டளைகளில் கீழ்ப்படிகிறது.

வேலை செய்யும் விதம் ஸ்டேஷன் ஒலிபெருக்கி மாதிரிதான். அறிவிப்பு எல்லோர் காதிலும் விழும், தன் வண்டி நம்பரைக் கேட்டவர் மட்டும் எழுந்து போவார். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதோடு கட்டளைகளும் துடிப்புகளாக ஓடும். 58 மைக்ரோ செகண்ட் அரைத்துடிப்பு என்றால் ஒன்று, 100 அல்லது அதற்கு மேல் என்றால் பூஜ்யம். தன் எண் வந்தால் மட்டும் டீகோடர் மோட்டாரை இயக்கும்.

நான் திறந்தது, காலமான என் அத்திம்பேர் லண்டனிலிருந்து கொண்டுவந்த எஞ்சின். பேரன் புது எஞ்சினோடு சேர்த்து ஓட்ட ஆசைப்பட்டான். "அவர் கைபட்ட பொருள்டா, பாழாக்கிடாதே" என்று அக்கா சொல்லித்தான் கொடுத்தாள். பயம் நியாயமானது. அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும், சட்டம் தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். அப்படியே டீகோடரை இணைத்தால் அது கருகிவிடும். பிரஷ் ஸ்பிரிங்கின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை மாட்டி, மல்டிமீட்டரில் மூன்று தடவை பார்த்தேன். பிறகு சிவப்பும் கறுப்பும் சக்கரங்களிலிருந்து, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. எதையும் வெட்டவில்லை. உறையை உருவி ஒயர்களைப் பழையபடி வைத்தால் அத்திம்பேரின் எஞ்சின் அப்படியே திரும்பிவிடும்.

கடையிலிருந்து வரும் எந்த டீகோடருக்கும் எண் 3தான். பேரனுடையதும் 3 என்பதால் இதற்கு 22 கொடுத்தேன், அத்திம்பேர் வீட்டு நம்பர். வேகம் மெதுவாக ஏறும்படி மூன்றாவது அமைப்பையும் கூட்டினேன். இப்போது நிஜ வண்டி மாதிரி தயங்கிக் கிளம்புகிறது. ஒரே தொல்லை நம் ஊர்ப் பனிமூட்டம்தான். தண்டவாளம் இரண்டு நாளில் மங்கி, கட்டளை விட்டு விட்டுப் போகிறது. தினமும் காலையில் துடைக்கும் வேலையை அக்காவே எடுத்துக்கொண்டாள்.