இறந்த தொழிலாளியின் உழைப்பின் பயன் உரித்தாளரைச் சென்றடைய வேண்டும்

குடும்பத்தைத் தாங்கிய உழைப்பாளி ஒருவர் இறந்துவிட்டால், முப்பத்தோராம் நாள் கிரியைகளோ நாற்பதாம் நாள் கத்தமோ முடிந்த பின்னரே வீட்டில் அடுத்த கேள்வி எழுகின்றது. அவர் ஆண்டுக்கணக்காக உழைத்துச் சேர்த்த பணம் எங்கே உள்ளது? அதைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கு உண்டு? கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பகுதிகளின் லயன் அறைகளிலும், கண்டி நகரக் கடைகளில் உழைத்தோரின் அக்குறணை, மடவளை இல்லங்களிலும் இக்கேள்விக்கு விடை தெரியாமல் மாதக்கணக்கில் அலையும் குடும்பங்கள் உள்ளன. சட்டம் இவர்களுக்கு உரிமையை வழங்கியிருக்கின்றது. ஆனால், அவ்வுரிமையை நிலைநாட்டும் ஆவணங்கள் பலரது கையில் இல்லை என்பதே கசப்பான உண்மையாகும்.

முதலில் உரிமைகள் எவை என நோக்குவோம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும் தொழில் தருநரிடமிருந்து 12 வீதமும் செலுத்தப்படல் வேண்டும். தொழில் திணைக்களம் இதனை நிருவகிக்க, பணத்தை மத்திய வங்கி பொறுப்பேற்றுள்ளது. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். மாதம் 30,000 ரூபா சம்பளம் பெறுபவரின் பெயரில் இவ்விரு நிதிகளிலும் மாதந்தோறும் 6,900 ரூபா சேர வேண்டும். சேவையிலிருக்கும்போதே இறப்பவரின் குடும்பத்துக்கு நம்பிக்கை நிதியத்தில் மரணக் காப்புறுதிச் சலுகையும் உண்டு. நிலுவைப் பணத்தைப் பெற்றுக்கொண்டு இச்சலுகையைக் கேட்காமலே விடுவோர் பலர்.

மூன்றாவது, தோட்டங்களில் சேவைக்காலப் பணம் என அழைக்கப்படும் பணிக்கொடையாகும். 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனத்தில் 5 வருட சேவையைப் பூர்த்தி செய்தவருக்கு 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இதனை உறுதிப்படுத்துகின்றது. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு 14 நாட்சம்பளம். 20 வருடம் கொழுந்து பறித்த ஒருவர் இறுதியாகப் பெற்ற நாட்சம்பளம் 1,350 ரூபாவாயின் அவரது பணிக்கொடை 378,000 ரூபாவாகும். சேவை மரணத்தினால் முடிவுற்றாலும் இவ்வுரிமை அழிவதில்லை. அது உரித்தாளரைச் சேரும். 30 நாட்களுக்குள் கொடுக்கத் தவறும் தொழில் தருநர் 10 முதல் 30 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

வேலையின் போது நேர்ந்த விபத்தினால் மரணம் சம்பவித்திருப்பின், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தங்கிவாழ்வோர் தனியாக நட்டஈடு கோரலாம். ஆசிரியர்கள் உள்ளிட்ட அரச ஊழியர்களின் குடும்பங்களுக்கு உரியது விதவைகள், தபுதாரர்கள், அநாதைகள் ஓய்வூதியமாகும். இதனைப் பிரதேச செயலகத்தினூடாக ஓய்வூதியத் திணைக்களத்திடம் கோர வேண்டும்.

இனி, யார் உரித்தாளர் என்ற வினா. சேமலாப நிதியைப் பொறுத்தவரை முதலில் நோக்கப்படுவது, அங்கத்தவர் தமது கையொப்பத்துடன் செய்த பின்னுரித்தாளர் நியமனமே. சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகின்றது. பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது தாயின் பெயரை எழுதிக் கொடுத்த இளைஞர், பின்னர் திருமணம் செய்து பிள்ளைகளைப் பெற்ற போதிலும் அந்நியமனத்தை மாற்ற நினைப்பதில்லை. அவர் இறந்த பின் மாமியாரும் மருமகளும் ஒரே வாசலில் எதிரெதிரே நிற்கும் அவலம் நேர்கின்றது.

நியமனம் எதுவும் இல்லாவிடின், இறந்தவருக்கு ஏற்புடைய வாரிசுரிமைச் சட்டத்தை நாட வேண்டியுள்ளது. கண்டியச் சட்டம் கண்டியில் வாழும் அனைவருக்கும் உரியதெனச் சிலர் எண்ணுகின்றனர். அது கண்டியச் சிங்களவருக்கு மட்டுமே ஏற்புடையது. தேசவழமை, யாழ்ப்பாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குரியது. மலையகத் தமிழருக்கு ஏற்புடைய 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி வாழ்க்கைத் துணைக்கு அரைப்பங்கும் பிள்ளைகளுக்கு மறு அரைப்பங்கும் சேரும். முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியே ஷரீஅத் பங்கீடு ஏற்புடையதாகும்: பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டிலொன்று, பெற்றோர் உயிருடன் இருப்பின் ஒவ்வொருவருக்கும் ஆறிலொன்று, எஞ்சியது பிள்ளைகளுக்கு. ஒரே தொழிற்சாலையில் அருகருகே உழைத்த இருவரின் பணம் இவ்வாறு இருவேறு விதமாகப் பிரியக்கூடும்.

உரிமை யாருடையது எனத் தெளிந்த பின்னரும் எஞ்சுவது ஆவணப் பிரச்சினை. மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், தொழில் தருநரின் அத்தாட்சி ஆகியன ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. முஸ்லிம் ஒருவரின் முதலெழுத்துக்கள் ஓரிடத்தில் மூன்று, வேறிடத்தில் இரண்டு. இத்தகைய சிறு வேறுபாடே விண்ணப்பம் திருப்பியனுப்பப்படப் போதுமானது. இருவரும் ஒருவரே எனச் சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கும் சத்தியக் கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் அவ்வேளையில் கைகொடுக்கலாம். கோயிலில் தாலி கட்டியும் பதிவு செய்யாத விவாகமும், பதியப்படாத நிக்காஹ்வும் செல்லாதவை அல்ல. எனினும், அவற்றை நிரூபிக்கும் சுமை துயரத்தில் இருக்கும் விதவையின் தலையில் விழுகின்றது. இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டிலேயே கழிவதால், நம்பிக்கையான உறவினர் ஒருவர் அக்காலத்திலேயே ஆவணங்களைத் திரட்டத் தொடங்குவது நன்று.

ஆவணங்கள் அனைத்தும் சரியாக இருந்தும் கணக்கில் பணம் இல்லாத கொடுமையும் உண்டு. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் தோட்டங்களைக் கொண்ட ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய அரச நிறுவனங்களின் சேமலாப நிதி, பணிக்கொடை நிலுவைகள் பாராளுமன்றத்திலும் எடுத்துரைக்கப்பட்டவையே. சம்பளத்தில் கழித்த பணத்தை நிதிக்குச் செலுத்தாத தொழில் தருநர் மீது 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கவும், நீதவான் நீதிமன்றத்தினூடாக அறவிடவும் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு. எனவே, நிலுவையைக் காரணங்காட்டித் திருப்பியனுப்பப்படும் குடும்பம் தோட்டக் காரியாலயத்தோடு நின்றுவிடாது, மாவட்டத் தொழில் காரியாலயத்தில் எழுத்து மூலம் முறையிட வேண்டும்.

1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட போது, இந்தியா செல்வோர் தம்முடன் எடுத்துச் செல்லக்கூடிய சொத்துக்களுள் சேமலாப நிதியும் பணிக்கொடையும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டன. சொந்தக் காணியோ வீடோ இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு அவையே ஆயுட்கால உழைப்பில் எஞ்சிய சொத்து என்பதற்கு இதனைவிடச் சான்று தேவையில்லை. அச்சொத்து கேட்பாரின்றித் தேங்கிக் கிடப்பது, இறந்தவருக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியாகும்.

தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயில் பரிபாலன சபைகளும் ஆண்டுக்கு ஒரு நாளையேனும் இதற்கென ஒதுக்கி, அங்கத்தவரின் நியமனப் படிவங்களையும் பெயர்ப் பிழைகளையும் பரிசீலிக்க உதவுதல் வேண்டும். பின்னுரித்தாளரின் பெயர் சரியாக உள்ளதா என ஒவ்வொரு தொழிலாளியும் இன்றே பார்த்துக்கொள்வாராயின், நாளை அவரது மனைவி மக்கள் காரியாலயப் படிகளில் காத்திருக்கும் நாட்கள் குறையும்.